கிறிஸ்துமஸுக்குப் பிறகு பூத்தவை

பாமகாஞ்சா,
9 அக்டோபர் 1994

அன்புள்ள செனைதா அக்காவுக்கு,

தம்பி தெயோ எழுதுவது. இங்கே நான், எர்மிலா, உன் மகள் நில்டா, ஐம்பத்திரண்டு சீத்தா மரங்கள், ஒரு நொண்டிக் கழுதை எல்லோரும் சுகம். உன் சுகத்தைத் தேவமாதா பார்த்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த இத்தாலியில் குளிர் தொடங்கிவிட்டதாமே. இடுப்பில் கம்பளியைச் சுற்றிக்கொள். உனக்கு இடுப்புதான் பலவீனம்.

மரமெல்லாம் பூத்துவிட்டது. லிமாவிலிருந்து வந்த எஞ்சினியர் தூரிகை வைத்து மகரந்தம் தடவக் கற்றுக்கொடுத்தார் என்று போன வருஷமே எழுதினேனே, இந்த வருஷம் அதை முழுத் தோப்புக்கும் செய்கிறோம். சீத்தாப் பூ முதல் நாள் காலையில் பெண்ணாக லேசாக வாய் திறக்கும். மறுநாள் சாயங்காலம்தான் ஆணாகும். ஒரே பூவில் இரண்டும் சந்திப்பதே இல்லை. இதைக் கேட்டுவிட்டு எர்மிலா, "நம்ம வீடு மாதிரிதான். நான் எந்திரிக்கும்போது நீ தூங்குற, நீ எந்திரிக்கும்போது நான் வயலுக்குப் போயிடுறேன்" என்றாள். எஞ்சினியர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி வாய்க்காலில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் பொடியை ஃபிலிம் டப்பாவில் தட்டி வைத்து, காலையில் பெண் பூவுக்குள் தூரிகையால் சுற்றிலும் தடவ வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் காய் அந்தப் பக்கம் சூம்பிக் கோணலாகிவிடும். என் தடிக் கையும் என் கண்ணும் இதற்கு லாயக்கில்லை. நில்டாதான் ராணி. கீழே நின்றபடியே, "மாமா, அந்தக் கிளையில மூணு, இலைக்குப் பின்னாடி ஒண்ணு" என்பாள். ஏறிப் பார்த்தால் சரியாக நாலு இருக்கும். அவள் தொட்ட பூவில் ஒரு கோணல் காய்கூட இல்லை. பருந்துக் கண் அவளுக்கு.

ஒரே ஒரு தொல்லை. அவள் தலை முழுக்கப் பேன். லுஸ்மிலா டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டு, "டிசம்பர் விழாவுக்கு முன்னாடி முடியை வெட்டிட்டு அனுப்புங்க, இல்லாட்டி அனுப்பாதீங்க" என்கிறாள். உனக்கு அங்கே தங்கும் அனுமதிக் காகிதம் கிடைத்ததும் நீயே வந்து அந்த முடியை வெட்டி மாதா சிலைக்குச் சாத்துவதாக நேர்ந்திருக்கிறாய். அதுவரை கத்தரிக்கோல் படக் கூடாது என்றும் சத்தியம் வாங்கியிருக்கிறாய். சீப்பு போட்டுப் போட்டு எர்மிலாவுக்குக் கை வலி. என்ன செய்ய, சொல்.

எல்லோருடைய அன்புடனும்,
தெயோ

அம்மா, நான் இன்னைக்கு அறுபத்தோரு பூ தடவினேன். மாமா பதினெட்டு. முடி இடுப்புக்குக் கீழே வந்துடுச்சு. முத்தங்கள். நில்டா.

*

தூரின்,
2 நவம்பர் 1994

தம்பி தெயோவுக்கு அக்காவின் ஆசி.

நான் நலம். உன் கடிதம் வர இருபத்திரண்டு நாள். எர்மிலாவின் கை வலி தேவலையா? கழுதையின் கால்?

அறுபத்தோரு பூ தடவியவளுக்கு என் சார்பில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு. பதினெட்டு பூ தடவியவனுக்கு ஒன்றும் கிடையாது.

நான் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு எண்பத்துநாலு வயது. கண் முழுக்கப் போய்விட்டது. வந்த புதிதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாற்காலியை இடம் மாற்றி வைத்து அவளை விழ வைத்தேன். இப்போது பழகிவிட்டேன். தொடுவதற்கு முன் என் பெயரைச் சொல்லுவேன். தட்டில் உருளைக்கிழங்கு எந்தப் பக்கம், கறி எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். மாடிப்படி பதினான்கு, இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிக்கொண்டே இறங்குவோம். அவள் கையைப் பிடிக்கும்போதெல்லாம் நில்டாவின் கை நினைவுக்கு வருகிறது.

முடியை வெட்டாதே. அந்த டீச்சரிடம் நான் சொன்னதாகச் சொல். நேர்த்திக்கடனை நடுவில் உடைத்தால் எனக்குக் காகிதம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து திரும்ப முடியாது, திரும்பாமல் அங்கே உட்கார்ந்தால் நில்டாவை என்ன வைத்துப் படிக்க வைப்பது? பேனுக்கு அம்மா செய்த மருந்து இருக்கிறதே, அதை மறந்துவிட்டாயா? வழவழப்புத் தோல் மரத்துப் பழத்தின் விதையை எடு, அதில்தான் காரம் அதிகம். காய வைத்து, சட்டியில் வறுத்து, ஓட்டோடு மாவாக அரை. எண்ணெயில் குழைத்து மயிர்க்காலில் படும்படி தேய்த்து, ஒரு பானை உருளைக்கிழங்கு வேகும் நேரம் உட்கார வைத்து அலசிவிடு. ஒரே முறைதான், ஈர்கூடச் செத்துவிடும். அம்மா உன்னை அரைக்க வைத்துவிட்டு வெளியே விரட்டிவிடுவாளே, நினைவிருக்கிறதா? எர்மிலா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, அவளுக்கு இது தெரியாது. நீயே செய்.

மாதா உங்கள் வீட்டு வாசலில் நிற்கட்டும்.
செனைதா

*

லிமா, ஆஸ்பத்திரி
14 டிசம்பர் 1994

தெயோ,

பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு மனமில்லை, ஆனாலும் சாப்பிடு.

டாக்டர் இன்று காலை பேசினார். விதைத் தூள் எண்ணெயோடு வழிந்து இரண்டு கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது. எரிகிறது என்று அவள் தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போயிருக்கிறது. "ரெண்டு நாள் ஏன்மா வீட்ல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். வெறும் எரிச்சல்தான், போய்விடும் என்று நினைத்தோம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். வலது கண் வெள்ளையாகிவிட்டது, இனி வராதாம். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிகிறது. அதற்கு மேல் வந்தால் வரலாம், வராமலும் போகலாம்.

தூள் ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று தலையை மழித்துவிட்டார்கள். ஜடையைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்குள் வை.

அவள் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நர்ஸ் கேட்டபோது, "மாமாதான் ஊத்துனாரு" என்று மட்டும் சொன்னாள். நீ அவசரப்பட்டு இங்கே வராதே. உன் குரல் கேட்டால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள் போலிருக்கிறது.

உன் அக்காவுக்கு இதை எழுதாதே தெயோ. எழுதினால் அவர் எழுதிய கடிதம்தான் அவருக்கு முதலில் நினைவு வரும். காகிதமில்லாமல் தன்னந்தனியாக ஒரு ஊரில் இருக்கிறவர், எதையாவது செய்துகொண்டால் நாம் என்ன செய்வோம்? இன்னொரு கண்ணில் பார்வை திரும்புகிறதா என்று பார்ப்போம். அப்புறம் சொல்லலாம்.

எர்மிலா

*

பாமகாஞ்சா,
27 டிசம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ எழுதிய மருந்து பலித்தது. பேன் ஒன்றுகூட இல்லை.

நில்டாவுக்குக் கையில் சின்ன அடி. அதனால் இந்த முறை அவள் எழுதவில்லை. பள்ளி விழாவுக்கும் போகவில்லை, நல்ல மழை. வேறு விசேஷம் இல்லை.

தெயோ

*

தூரின்,
22 ஜனவரி 1995

தம்பிக்கு,

புது வருஷம் உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாக விடியட்டும். நான் சுகம்தான், இடுப்பு மட்டும் நீ சொன்ன மாதிரி.

இது என்ன கடிதமா, தந்தியா? ஆறு வரி! மூன்று பக்கம் கழுதை பற்றியே எழுதுகிறவன் நீ. எர்மிலாவோடு சண்டையா? சண்டையென்றால் நீதான் தப்பு செய்திருப்பாய், போய் மன்னிப்புக் கேள்.

பேன் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கிழவியிடம் சொன்னேன், பழத்தின் விதையில் பேன் சாகுமா என்று ஆச்சரியப்பட்டாள். எங்கள் ஊரில் அந்த மரத்தில் வீணாகப் போவது ஒன்றுமில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நில்டாவின் கை சரியாகியிருக்கும். அவளுக்கு இருபத்துநாலு நிற வண்ணப் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். சிவப்பே மூன்று விதம் இருக்கிறது. எனக்கு ஒரு படம் வரையச் சொல். இன்னொன்று, ஒரு போட்டோ வேண்டும். முடியை விரித்துப்போட்டு, நேராகப் பார்த்து. மூன்று வருஷமாகிறது அவளைப் பார்த்து. தெருவில் ஒன்பது வயதுப் பெண்ணைக் கண்டால் நின்றுவிடுகிறேன்.

முத்தங்களுடன்,
செனைதா

*

பாமகாஞ்சா,
5 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்புக்கு மாதா அருள் செய்யட்டும். நாங்கள் சுகம். எர்மிலாவோடு சண்டையில்லை, அப்படிக் கேட்டதற்கு அவளே சிரித்தாள்.

முந்தின கடிதம் சின்னது என்றாய், இதில் மரத்தைப் பற்றி எல்லாம் எழுதுகிறேன். மேட்டுக் கொல்லையில் விரல் பதித்த மாதிரித் தோல் உள்ள மரங்கள் இருபது, சந்தைக்கு அதுதான் நல்லது, அடிபட்டாலும் சீக்கிரம் கறுக்காது. வாய்க்காலோரம் குமிழ் குமிழாக இருப்பது பதினாறு, வெளியே பார்க்க அசிங்கம், உள்ளே வெண்ணெய். வீட்டுக்குப் பக்கத்தில் முள் முள்ளாக இருக்கும் இரண்டையும் இனிமேல் வெட்டிவிட்டு வேறு ஒட்டலாமா என்று யோசனை. காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தன் முள் சீத்தாக் கன்று கொடுத்தான், இங்கே குளிரில் பிழைக்காது, இருந்தாலும் நட்டேன். வழவழப்புத் தோல் மரங்கள் பதினான்கு இருந்தன அல்லவா, அவற்றை வெட்டிவிட்டேன். பூச்சி விழுந்துவிட்டது.

பால் சேர்த்து அரைத்து ஐஸ் செய்யக் கடைக்காரர் ஒருவர் கூழாகவே வாங்கிக்கொள்கிறார். விதை நீக்கும் வேலை எர்மிலாவுக்கு. விதைகளை அவள் உடனே குழி வெட்டிப் புதைத்துவிடுகிறாள்.

பென்சில் பெட்டி வந்தது. நில்டா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். ஊரிலேயே பெரிய பழத்தோடு எடுத்தது.

அன்புடன்,
தெயோ

*

தூரின்,
2 ஏப்ரல் 1995

தம்பி, எர்மிலா இருவருக்கும்,

சுகமா? நான் சுகம்.

போட்டோ வந்த அன்று மதியம் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! ஆனால் உன்னைப் போல முட்டாளை நம் மலையில் தேடினாலும் கிடைக்காது. மகளின் முகத்தைக் கேட்டால் பழத்தின் முகத்தை அனுப்பியிருக்கிறாய். வலது பக்கம் முழுக்கச் சீத்தாப்பழம். தலையில் உன் தொப்பி. முடியை விரித்துப்போடு என்று எழுதினேனே, ஒரு இழைகூடத் தெரியவில்லை. தெரிகிற அந்த ஒரு கண்ணும் கேமராவைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்க்கிறது. யாராவது கூப்பிட்டீர்களா?

முகர்ந்து பார்த்தாளாமே பென்சிலை. குட்டியாக இருந்தபோதும் அப்படித்தான், எல்லாவற்றையும் மூக்கில் வைப்பாள். படம் வரையவில்லையா? கை இன்னும் சரியாகவில்லையா தெயோ? நாலு மாதமாகிறது. ஒரு வரி போதும், அவள் கையால் எழுதி அனுப்பச் சொல்.

மாதா காப்பாள்.
செனைதா

*

பாமகாஞ்சா,
10 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நீ நலமா?

வாய்க்கால் தூர்வாரும் விழா முடிந்தது. ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. இந்த வருஷம் நான் ஆடவில்லை, கால் வலி. ஏன் ஆடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் காலைக் காட்டினேன்.

அறுவடை தொடங்கிவிட்டது. அக்டோபர், நவம்பரில் பூத்த பூவின் காய் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி உருண்டை, சந்தையில் மேலே அடுக்கினார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பூத்தவை மரத்தில் அப்படியே தொங்குகின்றன, பார்க்கவே பிடிக்கவில்லை. எல்லாம் கோணல். ஒரு கன்னம் உப்பி, ஒரு கன்னம் சூம்பி. ஐஸ் கடைக்குக் கூழாகத்தான் போகும். என்ன செய்வது, சில வருஷம் அப்படி அமைகிறது.

கீழே நில்டா எழுதியிருக்கிறாள்.

தெயோ

அம்மா நான் நல்லா இருக்கேன்

*

தூரின்,
4 ஜூன் 1995

தெயோ,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளிக்கூடம் விடுமுறை. காலை முழுக்க அவளுக்கு வேறு வேலை கிடையாது. அப்படியிருக்க, கிறிஸ்துமஸுக்குப் பிறகு தூரிகை பிடித்தது யார்? அவள் தொட்ட பூவில் ஒரு கோணல் காய்கூட இல்லை என்று எழுதியவன் நீ. நான் சீத்தா மரத்தடியில் பிறந்தவள், கோணல் காய் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாதா? பூவின் ஒரு பக்கத்தைப் பார்க்காத கைதான் அப்படித் தடவும்.

அவள் எழுதிய அந்த ஒரு வரியைக் கிழவியின் மகன் பார்த்தான். எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, கடைசிச் சொல் காகிதத்தை விட்டே வெளியே போய்விட்டது. "எங்கம்மா எழுத்து மாதிரியே இருக்கே" என்றான். நான் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக நான் பிழைப்பு நடத்துவதே இதைப் பார்த்துத்தான். போட்டோவை மறுபடி எடுத்தேன். பழத்தை ஏன் அங்கே பிடிக்க வைத்தாய் என்று இப்போது தெரிகிறது.

ஒரு கண்ணா, இரண்டுமா? எப்படி? எழுது. பொய் எழுதினால் இனி உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

செனைதா

*

பாமகாஞ்சா,
28 ஜூன் 1995

அக்கா,

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் தெரிகிறது. ஆள் வந்தால் தெரியும், யார் என்று தெரியாது. டாக்டர் இனிமேல் பெரிதாக மாறாது என்றுவிட்டார். ஆறு மாதமாக உன்னை ஏமாற்றினேன். என்னை நாயே என்று கூப்பிடு, தகும்.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 8, மாதா திருநாள். வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். "மாமா, உருளைக்கிழங்கு வேகுற வரைக்கும் கதை சொல்லணும்" என்றாள். கழுதைக் கதை சொல்லிக்கொண்டே தேய்த்தேன். பேசுகிற சுவாரசியத்தில் எண்ணெயை அதிகமாக ஊற்றிவிட்டேன், நெற்றியில் வழிந்தது. "எரியுது மாமா, எரியுது" என்றாள். நான், "எரிஞ்சாத்தான் பேன் சாகும், கொஞ்சம் பொறுத்துக்கோடா" என்றேன். அக்கா, இந்த வாயால் அப்படிச் சொன்னேன். அப்புறம்தான் நிமிர்த்திப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீரை எவ்வளவோ ஊற்றினோம். இரண்டு நாள் ஈரத் துணி போட்டோம். மூன்றாம் நாள் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, லிமாவுக்குப் போனார்கள்.

முடியும் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் மழித்துவிட்டார்கள். ஜடை என்னிடம் இருக்கிறது. வழவழப்பு மரங்களுக்குப் பூச்சி விழவில்லை, நான்தான் பதினான்கையும் ஒரே நாளில் வெட்டினேன்.

நீ எழுதிய மருந்தில் தப்பில்லை. அம்மா பெண்பிள்ளைகள் உங்கள் மூன்று பேருக்கும் அதைத்தானே செய்தாள், யாருக்காவது ஒன்று ஆனதா? ஆகவே தப்பு என் கையில்தான். இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

நில்டா என்னைத் தன் தலையைத் தொட விடுவதில்லை. பக்கத்தில் வந்தால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள். தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறாள். அம்மா வந்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாள் போல.

தெயோ

*

தூரின்,
28 ஜூலை 1995

தம்பி தெயோவுக்கு,

எட்டு நாள் உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன். உன்னை நாயே என்று கூப்பிடத்தான் முதல் நாள் உட்கார்ந்தேன். அம்மா எங்களுக்குச் செய்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன்.

அம்மா எங்களை முக்காலியில் உட்கார வைத்ததும் முதலில் என்ன செய்வாள் தெரியுமா? இடுப்பில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து நாலாக மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டுவாள். தலையை அலசி முடித்த பிறகுதான் அவிழ்ப்பாள். நாங்கள் மூன்று பேரும் இருட்டில் கைகோத்துக்கொண்டு சிரிப்போம். உனக்கு இது எப்படித் தெரியும்? பையன்களுக்குப் பேன் வந்தால் மொட்டைதான். நீ அரைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவாய், கதவு சாத்திவிடுவார்கள். எந்த மரத்து விதை, எப்படி வறுப்பது, எவ்வளவு நேரம், எல்லாம் எழுதினேன். துணியை எழுதவில்லை. மூச்சு விட வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா, அப்படி விட்டுவிட்டேன் தெயோ. நான்தான். என் பிள்ளையின் கண்ணை நான்தான் கெடுத்தேன், அதுவும் தலைமயிரைக் காப்பாற்ற.

ஜடையை மாதாவுக்குக் கொடுத்துவிடு. காகிதம் கேட்டு அல்ல, சும்மா கொடு. நான் அக்டோபரில் வருகிறேன். திரும்ப விடமாட்டார்கள், பரவாயில்லை. கிழவிக்கு வேறு ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப அவ்வளவு நாளாகும்.

அதுவரை இதையெல்லாம் செய். வீட்டில் ஒரு சாமானையும் இடம் மாற்றாதே. தொடுவதற்கு முன் உன் பெயரைச் சொல்லு. தட்டில் எது எங்கே என்று சொல்லிவிட்டு வை. வாசற்படியிலிருந்து வாய்க்கால் வரை எத்தனை அடி என்று அவளோடு சேர்ந்து எண்ணு. அவளுக்காகப் பேசாதே, அவளைப் பேச விடு. அழுதால் அழட்டும்.

கீழே இருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

செனைதா

என் தங்கம் நில்டாவுக்கு, அம்மா எழுதுவது. பூ திறக்கும் மாதத்தில் நான் வந்துவிடுவேன், இனி எங்கும் போக மாட்டேன். இங்கே ஒரு பாட்டி இருக்கிறாள், அவளுக்கும் கண் தெரியாது, ஆனால் யார் மாடியேறி வருகிறார்கள் என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். உனக்கும் அதெல்லாம் வரும், நான் சொல்லித் தருகிறேன்.
மாமா அந்த மருந்தைத் தானாகப் போடவில்லை. போடச் சொல்லி எழுதியவள் நான். கண்ணைக் கட்டச் சொல்ல மறந்தவளும் நான். மாமாவிடம் கோபம் வேண்டாம், கோபத்தை எனக்காக எடுத்து வை.
அத்தை பேச்சைக் கேள். வயிறு நிறையச் சாப்பிடு. இரண்டு கன்னத்திலும் முத்தம். அம்மா.

*

பாமகாஞ்சா,
30 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்பதே எங்களுக்கு மருந்து. எர்மிலா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். கழுதையும் சுகம்.

வாசலிலிருந்து வாய்க்கால் என் காலுக்கு நாற்பத்தாறு அடி. நில்டாவுக்கு அறுபத்திரண்டு. இப்போது தனியாகவே போய்த் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வருகிறாள். நான் தூரத்திலிருந்தே, "தெயோ வர்றேன்" என்று கத்திக்கொண்டு போகிறேன். ஊரார் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஜடையை ஞாயிற்றுக்கிழமை மாதா காலடியில் வைத்துவிட்டோம்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் என்றாய். மன்னித்துக்கொள், நடுவில் இருந்த அந்த வரிகளை நான் வாசிக்கவில்லை. அவள் இப்போது நம்பிக்கொண்டிருப்பது உன் ஒருத்தியைத்தான். அதையும் என் வாயால் வாசித்துக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் மேல் இருக்கிற கோபம் என் மேலேயே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. 'நான் சொல்லித் தருகிறேன்' என்பதிலிருந்து நேராக 'அத்தை பேச்சைக் கேள்' என்று வந்துவிட்டேன்.

அவள் காதை என் பக்கம் திருப்பினாள். அப்புறம், "மாமா, நடுவுல நிறுத்துனீங்க" என்றாள்.

"பக்கம் திருப்பினேன்டா" என்றேன்.

"பக்கம் திருப்புற சத்தம் கேக்கலையே" என்றாள்.

நான் எழுந்து மேட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். கடிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்த வரிகளை நீயே வந்து அவளுக்கு வாசி.

உன் தம்பி,
தெயோ